பரணிலிருந்து இறங்கிய ஊஹர் பெட்டி: உப்புக்காற்று ஊரில் ஸ்பூல் டேப் ரெக்கார்டரைச் சரிசெய்வது

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்த அவருடைய பெரியப்பா காலமான பிறகு, பரணில் ஒரு ஊஹர் 4000 ரிப்போர்ட்-எல் பெட்டியும் நாடா சுற்றிய 14 ஸ்பூல்களும் கிடைத்திருக்கின்றன. உறைகளில் பென்சில் எழுத்து: 'கரைவலை அம்பா' (வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு), 'அப்பத்தா - புயல்', 'திருவிழா பேண்டு' என்று. பேட்டரி போட்டுப் பார்த்தாராம். மோட்டார் உறுமுகிறது, ஸ்பூல் சுற்றவில்லை. பெட்டியைச் சரிசெய்ய முடியுமா, ஸ்பூல்களைக் கேட்க முடியுமா, சரியானால் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் மறுபடி பதிவு செய்யலாமா என்பவை கேள்விகள். கடைசியில் ஒரு சின்னக் கேள்வியும் இருந்தது: சில ஸ்பூல்களின் நுனியில் பச்சை நாடாவும் சிலவற்றில் சிவப்பு நாடாவும் ஒட்டியிருக்கிறதே, அது எதற்கு?

தம்பி, எல்லாம் முடியும். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் வேண்டாம். முதலில் செல்லை வெளியே எடுங்கள். பெட்டியை மூடி வையுங்கள். ஸ்பூல்களைப் பார்த்த பிறகு பெட்டிக்கு வரலாம். பெட்டி கெட்டுப்போனால் அதே மாடல் இன்னொன்று ஜெர்மனியிலிருந்து வரும். மும்பை சோர் பஜாரில்கூட மாட்டலாம். அப்பத்தா குரல் அந்த ஒரு ஸ்பூலில்தான் இருக்கிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில், ஒருவர் தன் தகப்பனார் பேசிய ஸ்பூலோடு பெட்டியைக் கொண்டுவந்தார். பெல்ட் மாற்றிவிட்டு, கையில் வேறு டேப் இல்லையென்று அவருடைய ஸ்பூலையே மாட்டினேன். ப்ளே கட்டையோடு ரெக்கார்டு கட்டையும் சேர்ந்து அமுங்கியதை நான் கவனிக்கவில்லை. மூன்று விநாடி இருக்கும். அந்த மூன்று விநாடியில் ஒரு பெயர் இருந்ததாம். மகனைக் கூப்பிட்ட இடம். காசு வாங்காமல் அனுப்பினேன், அதனால் என்ன ஆகப்போகிறது? கேசட்டில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. ஸ்பூலில் அந்தக் காவல் கிடையாது. அதனால் அன்றிலிருந்து, பழைய ஸ்பூல் போடவேண்டிய எந்த மெஷினிலும் அழிக்கும் ஹெட்டுக்கு (நாடா உரசிப் போகும் காந்தமுனைதான் ஹெட்) போகும் வயரையும், ரெக்கார்டு சிக்னல் ஹெட்டுக்குப் போகும் வழியையும் முதலில் பிரித்துவிடுவேன். எந்த வயர் எங்கிருந்து வந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஸ்பூல்கள். ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்து முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட் நாடா, சிதையத் தொடங்கிவிட்டது. அதைத் தனியே பிரித்து வையுங்கள், முதலில் பதிவெடுக்க வேண்டியது அதுதான். வாடை இல்லாவிட்டாலும் ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். சுற்றிய நாடா வழியே வெளிச்சம் மங்கலாகக் கசிந்தால் அசிடேட். கறுப்பாக மறைத்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர். அசிடேட் இழுத்தால் சட்டென்று வெட்டினாற்போல முறியும், அதை ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் முறியாது, நீண்டுகொண்டே போகும். நீண்ட இடத்தில் குரலும் இழுபட்டுப் போகும், அதைத் திருப்ப வழியில்லை. பார்க்கப் பலமாகத் தெரிகிற நாடாதான் மோட்டார் வெட்டி இழுக்கும்போது அதிகம் நஷ்டப்படுகிறது.

நம் ஊரில் அடுத்து பார்க்க வேண்டியது பூஞ்சை. வெள்ளையாகவோ சாம்பலாகவோ நூல் நூலாகப் படிந்திருக்கும். அதை ஊதாதீர்கள், மூக்குக்கு நல்லதல்ல. முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஸ்பூலைச் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். காய்ந்த பூஞ்சை தூளாகிவிடும். வீட்டுக்கு வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, மென்மையான தூரிகையால் பக்கவாட்டில் தட்டி எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். வெயிலில் காயவைப்பதும் வேண்டாம், கருவாடு இல்லை அது.

நாடாவின் பின்பக்கம் மினுமினுக்காமல் கரிப்பூச்சு போல மட்டாக இருந்தால் எச்சரிக்கை. 1970-களிலும் 80-களிலும் வந்த அந்த வகை நாடாக்களில் சில, குறிப்பாக ஆம்பெக்ஸ் 456 போன்றவை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, காந்தத்தூளைப் பிடித்திருக்கும் பசை இளகிவிடும். ஓட்டினால் கிறீச்சென்று கத்தும், ஹெட்டில் பழுப்பாக அப்பும். அவற்றை 50-லிருந்து 55 டிகிரி செல்சியஸ் சீரான வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து உலர்த்தினால், சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும். அந்த அவகாசத்தில் பதிவெடுத்துவிட வேண்டும். இது சமையல் அடுப்பிலோ மைக்ரோவேவிலோ செய்கிற வேலை அல்ல. அசிடேட் நாடாவுக்கு இதைச் செய்யவே கூடாது. உங்கள் பெரியப்பா பதிந்தது 60-களில் என்றால் இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது. அந்தக் காலத்து ஆக்பா, பிஏஎஸ்எஃப் நாடாக்கள் நாம் நினைப்பதைவிடத் திடமானவை.

இனி பெட்டி. ஊஹர், ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் கம்பெனி. 4000 ரிப்போர்ட் வரிசை 1961-ல் தொடங்கியது. தோளில் மாட்டிக்கொண்டு போகும் எடை, 13 சென்டிமீட்டர் ஸ்பூல், ஐந்து பெரிய பேட்டரிக் கட்டை, நான்கு வேகம்: விநாடிக்கு 19, 9.5, 4.7, 2.4 சென்டிமீட்டர். உலகம் முழுக்க வானொலி நிருபர்கள் தூக்கிக்கொண்டு அலைந்தது இதைத்தான். இதற்கு மேலே சுவிட்சர்லாந்தின் நாக்ரா ஒன்று உண்டு, ஸ்டீபன் குடெல்ஸ்கி 1951-ல் தொடங்கியது. போலந்து மொழியில் அந்தப் பெயருக்குப் 'பதிவு செய்யும்' என்று பொருள். சினிமாக்காரர்களின் பெட்டி, விலையும் அப்படி. ஊஹர் வாத்தியார் சம்பளத்துக்குக் கொஞ்சம் கிட்டே வரக்கூடியது. உங்கள் பெரியப்பாவும் சும்மா வாங்கியிருக்க மாட்டார், எதையோ விட்டுக்கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்.

மோட்டார் உறுமி ஸ்பூல் சுற்றவில்லை என்றால், பத்துக்கு எட்டு பெல்ட்தான். மேல்தட்டைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர் பெல்ட் இருந்த இடத்தில் தார் மாதிரி ஒரு கறுப்புப் பிசின் இருக்கும். கைபட்டால் மூன்று நாள் போகாது. சட்டையில் பட்டால் சட்டை போச்சு. மரக்குச்சியால் முடிந்த மட்டும் வழித்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் புல்லி, ஃப்ளைவீல் எல்லாவற்றையும் பொறுமையாகத் துடையுங்கள். ஒரு துளிப் பிசின் மிச்சமிருந்தாலும் புதுப் பெல்ட்டைத் தின்றுவிடும்.

புதுப் பெல்ட்டுக்கு அளவெடுக்க, பழைய பெல்ட் போன பாதையில் தையல் நூலைச் சுற்றி நீளம் பாருங்கள். அதைவிட 5 சதவீதம் குறைவான சுற்றளவு இருந்தால் இழுவை சரியாக இருக்கும். ஊஹர் மாடல் எண்ணைச் சொல்லியே பெல்ட் விற்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், தபாலில் வரும். அதுவரை பொறுக்காமல் சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. நானும் போட்டிருக்கிறேன். ஓடும், ஆனால் பாட்டு படகில் ஏறி உட்கார்ந்ததுபோல ஆடும்.

பெல்ட்டை விட நம் கரையில் பெரிய எதிரி உப்பு. மதுரைக்காரர் பரணில் 40 வருஷம் கிடந்த பெட்டியும் தங்கச்சிமடத்துப் பெட்டியும் ஒன்றல்ல. இரண்டு பக்கமும் கடல், காற்றிலேயே உப்பு. அது மூன்று இடங்களில் உட்காரும். முதலாவது பேட்டரி அறை. பச்சை, வெள்ளைப் படிவம் இருக்கும். கசிந்தது அல்கலைன் கட்டையென்றால் அது காரம், எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் அடங்கும். பழைய துத்தநாகக் கட்டையென்றால் அமிலத்தன்மை, சமையல் சோடாக் கரைசல் வேண்டும். எதுவானாலும் கடைசியில் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். இரண்டாவது, சுவிட்ச் முனைகள். ரெக்கார்டு கட்டைக்குப் பின்னே நீளமான ஒரு நழுவுசுவிட்ச் இருக்கும், பல முனைகள் உள்ளது. ஒலி ஒரு நேரம் வந்து ஒரு நேரம் போனால், டிரான்சிஸ்டரைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் துளியாக விட்டு, 20 தடவை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். துருவுக்கு அடிக்கிற ஸ்பிரேயை இங்கே கொண்டுவராதீர்கள். அந்த எண்ணெய்ப்பசை ரப்பருக்கும் ஆகாது, தூசியையும் சேர்க்கும்.

மூன்றாவது இடம் ஹெட்டும், நாடாவை ஒரே சீராக இழுக்கும் கேப்ஸ்டன் தண்டும். ஹெட்டின் முகத்தில் ஊசிமுனைத் துரு இருந்தால், அது நாடாவை ரம்பம்போலச் சுரண்டும். நகத்தால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ஆல்கஹால் துடைப்பு போதும். சொரசொரப்பாக இருந்தால் நிறுத்துங்கள். சாண்ட்பேப்பர் எடுக்காதீர்கள், அதைத் தொட்ட ஹெட்டில் பிறகு கூர்மையான ஒலி வராது. ஹெட்டை மாற்றுவதோ, பழகிய கை மெருகிடுவதோதான் வழி. அந்தத் தண்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலர் ரப்பரை ஆல்கஹாலால் அடிக்கடி துடைத்தால் வறண்டு வெடிக்கும். மிதமான சோப்புத் தண்ணீர் நனைத்துப் பிழிந்த துணி போதும். தண்டுகளின் புஷ்ஷில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதைச் சுத்தமாக எடுத்துவிட்டு, லேசான மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி. இரண்டாவது துளி பெல்ட்டுக்குப் போகும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். எலக்ட்ரோலிடிக் கன்டென்ஸர்கள் வறண்டிருக்கும், ஒலி சன்னமாகவோ கரகரவென்றோ வந்தால் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு மாற்றி ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த இரண்டு. ஒரே மூச்சில் இருபது மாற்றிவிட்டு ஓடவில்லையென்றால், எதைத் தப்பாக வைத்தோம் என்று தேடியே ஒரு வாரம் போய்விடும். வெளி மின்சாரம் கொடுப்பதானால் முதலில் முனை பாருங்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் உடம்போடு சேர்ந்திருக்கும். இன்றைய வழக்கத்தில் கறுப்பு வயரை உடம்புக்குக் கொடுத்தால் கதை முடிந்தது. மின்னோட்டத்துக்குக் கட்டுப்பாடு வைக்கக்கூடிய சப்ளையிலிருந்து 6 வோல்ட் கொடுத்துத் தொடங்குங்கள்.

பெட்டி ஓடத் தொடங்கியதும் வேகம் பாருங்கள். 9.5 என்று எழுதியிருந்தாலும் துல்லியமாக அது 9.53. இரண்டு நிமிஷத்துக்கு 11 மீட்டர் 44 சென்டிமீட்டர் நாடா ஓட வேண்டும். வெற்று நாடாவில் அந்த நீளத்துக்கு இரண்டு கோடு போட்டு, கைபேசியில் நேரம் எடுங்கள். ஒரு விநாடி முன்பின் இருந்தால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, போதும். இதெல்லாம் எந்த நாடாவிலும் செய்யுங்கள், பெரியப்பா நாடாவில் மட்டும் வேண்டாம்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வரலாம். நன்றாக ஓடுகிற பெட்டியானாலும், முதல் தடவை ஓட்டும்போதே கம்ப்யூட்டரில் பதிவாகிக்கொண்டிருக்க வேண்டும். 'ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பதியலாம்' என்று நினைத்து, முதல் ஓட்டத்திலேயே நாடா உதிர்ந்து நஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட். 14 ஸ்பூலுக்கு ஒரு பென் டிரைவ் போதும், ஆனால் இரண்டாக எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். இரைச்சல் நீக்குகிற வேலையெல்லாம் நகலில் மட்டும். அலைச் சத்தத்தையும் இரைச்சலென்று நினைத்து அழித்துவிடுகிற மென்பொருள்கள்தான் அதிகம்.

ஒலி மங்கலாக வந்தால் ஹெட்டின் சாய்வு பார்க்க வேண்டும். ஹெட்டின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதன் இப்போதைய நிலையை நெயில் பாலிஷால் அடையாளம் போட்டுக்கொண்டு, நாடா ஓடும்போது கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். 'ஸ' சத்தம் எங்கே மிகக் கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். பெரியப்பா பதிந்த நாளில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அந்தச் சாய்வைத்தான் நாம் தேடுகிறோம். எல்லா ஸ்பூலுக்கும் ஒரே இடம் என்று எண்ணவேண்டாம். வேலை முடிந்ததும் அடையாளத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

ரிப்போர்ட்-எல் அரைத் தடம் மோனோ. நாடாவின் மேல்பாதியில் ஒரு பக்கம், ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் கீழ்ப்பாதியில் இன்னொரு பக்கம். நண்பர் வீட்டில் பெரிய ஸ்டீரியோ டெக் ஏதாவது நல்ல நிலையில் இருந்தால், அதில் ஓட்டுவது நாடாவுக்கும் சொகுசு. அதில் இடது சேனலில் ஒரு பக்கம் நேராகவும், வலது சேனலில் மறுபக்கம் தலைகீழாகவும் ஒரே நேரத்தில் வரும். பயப்படாதீர்கள். இரண்டையும் பதிந்து, வலதைக் கம்ப்யூட்டரில் திருப்பிப்போட்டால் ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கமும் கிடைத்துவிடும். வாத்தியார்கள் நாடாவை மிச்சம் பிடிக்க 4.7 வேகத்தில் பதிந்திருப்பார்கள். டெக்கில் அந்த வேகம் இல்லாவிட்டால் 9.5-ல் ஓட்டிப் பதிந்து, பிறகு பாதி வேகமாக்குங்கள். ஒலியின் சமன் கொஞ்சம் மாறும், ஆனால் பேச்சு முழுசாகக் கிடைக்கும்.

'அப்பத்தா - புயல்' என்கிற ஸ்பூலை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓட்டுங்கள், கை பழகிய பிறகு. தனுஷ்கோடிப் புயல் அடித்த 1964 டிசம்பர் 22 இரவை நேரில் பார்த்தவர் குரலென்றால் அது உங்கள் வீட்டுச் சொத்து மட்டுமல்ல. உங்களால் ஆகாதென்று தோன்றினால், களப்பதிவுகளைப் பாதுகாப்பதற்கென்றே குருகிராமில் அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் இசை ஆவண மையம் 1982-லிருந்து இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: கடற்கரைக்குக் கொண்டுபோகலாமா? போகலாம், ஆனால் ஆசைக்காக. வேலைக்கு ஒரு டிஜிட்டல் ரெக்கார்டர் கூடவே ஓடட்டும். புது நாடா இன்னும் தயாராகிறது. பிரான்சின் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ், அமெரிக்காவின் ஏடிஆர் இரண்டும் செய்கின்றன. இந்தப் பெட்டிக்கு 35 மைக்ரான் நாடாதான் தோது. 13 சென்டிமீட்டர் ஸ்பூலில் 270 மீட்டர் கொள்ளும், 9.5-ல் ஒரு பக்கத்துக்கு 47 நிமிஷம். அதைவிடத் தடித்த ஸ்டுடியோ நாடாவை இந்தச் சின்ன மோட்டார் இழுக்கத் திணறும். மெல்லிய 18 மைக்ரான் நாடா நம் காற்றில் பறந்து ரோலரில் சுற்றிக்கொள்ளும்.

மைக் 200 ஓம் டைனமிக் வகையாக இருக்கட்டும். இன்றைய பாடகர் மைக்குகளே போதும், இந்தப் பெட்டியின் டின் (DIN) பிளக்குக்கு மாற்றும் கேபிள் ஒன்று பற்றவைத்தால் சரி. கன்டென்ஸர் மைக்குக்கு வேண்டிய மின்சாரம் இதில் வராது, உப்பீரமும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் காற்றுக்கு எந்த மைக்கும் தப்பாது. இங்கே உங்கள் தீவு ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் பக்கம் அடங்கியிருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் பக்கம் அடங்கும். தொழிலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான் கரை மாறுவார்கள், நீங்களும் மைக்கோடு மாறிவிடுங்கள். கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள். நடுவில் நின்றால் இரண்டும் கலங்கலாகத்தான் வரும். அம்பா எடுத்துக் கொடுப்பவர் இருக்கிற வரிசையோடு, அவருக்கு ஓரடி பின்னே நடந்துகொண்டே பதியுங்கள். எடுப்பு ஓங்கியும் தொடுப்பு அதைச் சூழ்ந்தும் விழும். ஒலியளவு காட்டும் ஊசி சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், 'ஏலேலோ' ஒன்று சேரும் இடத்தில் எகிறும். மணலில் பெட்டியை வைக்காதீர்கள். வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைத்து, வேகத் திருகை ஓடாத நிலையில் வைத்து, செல்களை எடுத்துவிட்டு, ஜெல் பைகளோடு மூடிய டப்பாவுக்குள். திருகை ஓடும் நிலையிலேயே விட்டுவிட்டால், ரப்பர் சக்கரத்தில் பள்ளம் விழுந்து ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்று கேட்கும்.

பச்சை, சிவப்பு நாடா கேட்டிருந்தீர்கள். பச்சை தொடக்கம், சிவப்பு முடிவு. ஸ்பூலின் வெளிநுனியில் சிவப்பு இருந்தால் பதிவு முடிந்த நிலையிலேயே, திருப்பிச் சுற்றாமல் வைத்திருக்கிறார் என்று பொருள். சோம்பலென்று நினைக்காதீர்கள். நாடாவின் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குக் காந்தம் லேசாக ஒட்டிக்கொள்ளும், பேச்சுக்கு முன்னாலேயே அதன் மங்கிய நிழல் கேட்கும். முடிவு வெளியே இருக்கும்படி வைத்தால் அந்த நிழல் பேச்சுக்குப் பின்னால் விழும், காது அதைப் பொருட்படுத்தாது. தெரிந்தவர்தான் செய்திருக்கிறார். ஆக, சிவப்பு வெளியே உள்ள ஸ்பூல்களை முதலில் மெதுவாகத் திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அப்பத்தா பேசிய பக்கத்துக்குப் பதில் நாடாவின் மறுபக்கம்தான் ஓடும்.